பெரியம்மையின் இடத்தில் கஸ்தூரி

1725 டிசம்பரில், பெய்ஜிங்கின் வடமேற்கே உள்ள யுவான்மிங்யுவான் தோட்ட அரண்மனையில், சிங் வம்சத்து யோங்செங் பேரரசரின் துணைவியரில் ஒருவர் நோயால் இறந்தார். நியன் குலத்துப் பெண். பத்து ஆண்டுகளுக்குள் ஒரு மகளையும் மூன்று மகன்களையும் பெற்றவர். மகள் 1717இல் இறந்தாள். முதல் மகன் 1721இல். கடைசி மகன் 1723இல், பிறந்த அன்றே. தாய் கண்மூடும்போது மிஞ்சியிருந்தவன் நடு மகன் ஃபுஹுய் மட்டுமே. அவனும் 1728இல் சிறுவனாகவே இறந்துபோனான். நோய் முற்றியதும் பேரரசர் அவரைப் பேரரசிக்கு அடுத்த உயர்நிலைக்கு உயர்த்தி ஆணையிட்டார். சில நாட்களில் மரணம் வந்தது.

2011இல் ஒளிபரப்பான ‘ஜென் ஹுவான் கதை’ என்ற 76 பகுதித் தொடரில் இதே பெண் ஹுவா என்ற பெயரில் வருகிறார். அங்கே அவருக்குக் குழந்தையே கிடையாது. அவருடைய அண்ணன் நியன் கெங்யாவ் பெரும்படைத் தலைவர். அண்ணனின் பலத்துக்கு அஞ்சிய பேரரசர், கஸ்தூரி கலந்த நறுமணத் தூளைத் தங்கைக்கு மட்டும் பரிசாகக் கொடுத்து, ஆண்டுக்கணக்கில் அதைப் புகைக்கவைத்து, அவர் இனிக் கருத்தரிக்காதபடி செய்துவிடுகிறார். அண்ணன் வீழ்ந்து இறந்த பிறகு இந்த உண்மை தெரியவர, ஹுவா சுவரில் தலையை மோதி உயிர்விடுகிறார். வரலாற்றிலோ தங்கைதான் முதலில் இறந்தார். 92 குற்றங்கள் சுமத்தப்பட்ட அண்ணனுக்குத் தற்கொலை செய்துகொள்ளும் ஆணை வந்தது அதற்குச் சில வாரங்கள் கழித்து, 1726 சனவரியில்.

நாடகமாகப் பார்த்தால் அது மறக்க முடியாத காட்சி. நடிகை ஜியாங் ஷின் அந்தப் பாத்திரத்தைச் சீனர்களின் நினைவில் நிரந்தரமாகப் பதித்துவிட்டார். ஆனால் நான்கு குழந்தைகளைப் பெற்று மூவரைப் புதைத்த ஒரு தாயை மலடியாக்கி, அவருடைய துயரத்தின் இடத்தில் ஒரு சூழ்ச்சியை வைத்திருக்கிறார்கள். சீன அரண்மனைத் தொடர்களின் வரலாற்று நேர்மையைப் பற்றிப் பேசும்போது நான் இந்த மாற்றத்தைத்தான் முதலில் வைப்பேன். தொப்பியும் காதணியும் சரியா என்பது அதற்குப் பிறகுதான்.

இருந்தாலும் தொப்பியையும் காதணியையும் ஒதுக்கிவிட முடியாது. சீனாவில் இந்த விவாதம் பல ஆண்டுகளாக அவற்றைச் சுற்றியே நடந்துவருகிறது. அதனால் நல்ல பலனும் விளைந்திருக்கிறது. 1998இல் வந்து ஆசியா முழுவதும் பரவிய ‘ஹுவான்சூ கெகெ’ தொடரில், சியன்லோங் பேரரசர் காலத்துப் பெண்கள் எல்லோரும் தலையில் அகன்ற கருப்புப் பலகை போன்ற அணியுடன் நடமாடுவார்கள். அந்த உயரமான தலையணி பேரரசி சீஷி கோலோச்சிய 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்கு உரியது. சியன்லோங் 1735 முதல் 1796 வரை ஆண்டவர். நூறாண்டு முன்தள்ளிப் போட்ட நாகரிகம் அது. 2001இல் வந்த ‘காங்சி ஆட்சி’ தொடரில் பேரரசரின் பாட்டி தன்னைத்தானே ஷியாவோசுவாங் என்று சொல்லிக்கொள்வார். அது அவர் 1688இல் இறந்த பிறகு சூட்டப்பட்ட பட்டம். உயிரோடு இருந்தபோது அந்தப் பெயரை அவர் கேட்டிருக்கவே வழியில்லை.

இத்தகைய பிழைகளைப் பார்வையாளர்கள் விடாமல் சுட்டிக்காட்டியதன் விளைவை 2018 கோடையில் ஐச்சியி தளத்தில் வந்த ‘யான்ஷி அரண்மனையின் கதை’யில் காணலாம். அதில் பெண்களின் கொண்டை தலையோடு ஒட்டித் தாழ்வாக இருக்கிறது. சிங் அரசர்களின் இனமான மஞ்சுக்களின் வழக்கப்படி ஒவ்வொரு காதிலும் மூன்று காதணிகள். பேரரசி ஃபுச்சா பொன்னையும் முத்தையும் தவிர்த்துப் பட்டிழைப் பூக்களையே சூடுகிறார். ‘சிங் வரலாற்று வரைவு’ நூலில் அவரைப் பற்றியுள்ள சுருக்கமான குறிப்பும் அவர் அணிகலன்களை விரும்பாமல் செயற்கைப் பூக்களைச் சூடியவர் என்றே சொல்கிறது. அந்தப் பூக்களைச் செய்தவர்கள் நாஞ்சிங் நகரின் மரபுக் கைவினைஞர்கள். மறைந்துபோகும் நிலையிலிருந்த ஒரு கைத்தொழிலுக்கு ஒரே கோடையில் நாடெங்கும் வாடிக்கையாளர்கள் கிடைத்தார்கள். இதை நான் முழுமனதோடு பாராட்டுகிறேன்.

சிக்கல் இதற்கு அடுத்த படியில் தொடங்குகிறது. காதணி மூன்று என்று சரிபார்த்துத் திருப்தியடைந்த பார்வையாளர், கதையும் அதே அளவு சரிபார்க்கப்பட்டிருக்கும் என்று எண்ணிக்கொள்கிறார். மேற்பரப்பு எவ்வளவு துல்லியமோ, உள்ளே இருக்கும் கற்பனைக்கு அவ்வளவு நம்பகம் கிடைத்துவிடுகிறது. பிழையான தலையணியோடு வந்த பழைய தொடரை யாரும் வரலாறு என்று எடுத்துக்கொள்ளவில்லை. புதிய தொடர்களை எடுத்துக்கொள்கிறார்கள்.

‘ஜென் ஹுவான் கதை’ பிறந்த விதத்தையே பாருங்கள். லியூ லியன்சி இணையத்தில் எழுதிய மூல நாவல், எந்த வம்சத்துக்கும் சேராத கற்பனை அரசவையில் நடந்தது. இயக்குநர் செங் ஷியாவோலோங் தொலைக்காட்சிக்காக அதை யோங்செங் காலத்தில், அதாவது 1722க்கும் 1735க்கும் இடையில், கொண்டுவந்து இறக்கினார். கற்பனைப் பாத்திரங்களுக்கு உண்மையான மனிதர்களின் குலப்பெயர்களும் பட்டங்களும் கிடைத்தன. கதாநாயகி ஜென் ஹுவான், சியன்லோங்கின் தாயான நியோஹுரு குலப் பேரரசி ஆனார். தொடரில் அவர் யோங்செங் அரியணை ஏறிய பிறகு நடக்கும் பெண் தேர்வில் கன்னிப்பெண்ணாக அரண்மனைக்குள் வருகிறார். சியன்லோங் அவருக்கு வளர்ப்பு மகன். உண்மையில் நியோஹுரு 1704இல், யோங்செங் இன்னும் இளவரசராக இருந்தபோதே, பதின்வயதில் அவருடைய வீட்டுக்கு வந்தார். 1711இல் மகனைத் தானே பெற்றெடுத்தார். கணவர் பேரரசராவதற்கு இன்னும் 11 ஆண்டுகள் இருந்தன. தொடரில் வரும் கொடிய பேரரசி கணவருக்குப் பிறகும் உயிரோடு இருந்து, எதிரியின் உயர்வைக் கேட்டு இறக்கிறார். உண்மையான பேரரசி, உலா நாரா குலத்தவர், கணவருக்கு 4 ஆண்டுகள் முன்பே, 1731இல் மறைந்துவிட்டார். கதாநாயகியின் காதலராகி நஞ்சுண்டு இறக்கும், பேரரசரின் தம்பியான 17ஆம் இளவரசர் யுன்லி வரலாற்றில் பேரரசருக்குப் பிறகும் வாழ்ந்து 1738இல் இறந்தார்.

ஆனால் இதே தொடரில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு நுட்பமும் யுன்லியோடு தொடர்புடையதுதான். அவர் வாரிசு இல்லாமல் இறந்ததும் யோங்செங்கின் கடைசி மகன் ஹொங்யானை அவருக்குத் தத்துக் கொடுத்தார்கள். இது வரலாறு. தொடரில் ஹொங்யான், ஜென் ஹுவானுக்கும் யுன்லிக்கும் மறைவில் பிறந்த மகன். ஆகவே இறுதியில் தத்து என்ற பெயரில் பிள்ளை தன் சொந்தத் தந்தையின் வீட்டுக்கே போய்ச் சேர்கிறான். ஆவணத்தில் உள்ள ஓர் உண்மையைத் தொட்டுக் கலைக்காமல், அதன் பின்னால் ஒரு ரகசியத்தை வைத்துப் பின்னுவது வரலாற்றுப் புனைவின் உயர்ந்த வேலை. இப்படிச் செய்யத் தெரிந்தவர்கள் நியன் குலத்துப் பெண்ணின் நான்கு குழந்தைகளை ஏன் அழித்தார்கள் என்பதே என் வருத்தம்.

அந்தக் குழந்தைகளிடம் மீண்டும் வருவோம். யோங்செங்குக்கு 10 மகன்கள், 4 மகள்கள். வளர்ந்து ஆளானவர்கள் 4 மகன்களும் ஒரு மகளும் மட்டுமே. சியன்லோங்கின் 27 குழந்தைகளில் 12 பேர் சிறுவயதிலேயே இறந்தார்கள். தொடர் எழுதுபவருக்கு இந்த எண்ணிக்கை ஒரு புதையல். இத்தனை சாவுகளா, அப்படியானால் யாரோ கொன்றிருக்க வேண்டும் என்று தொடங்கிவிடலாம். அதனால்தான் அரண்மனைத் தொடர்களில் கஸ்தூரியும் குசும்பாப் பூவும் கருவைக் கலைக்கின்றன. ‘ரூயி’ என்ற தொடரில் சாதிலிங்கம் மெல்ல மெல்லக் கொல்கிறது. கர்ப்பிணிக்குக் கஸ்தூரி ஆகாது என்று சீன வைத்திய நூல்கள் விலக்கியிருப்பது உண்மைதான். அந்த ஒற்றை விதியை ஊதிப் பெருக்கி ஓர் ஆட்சிக்காலம் முழுவதற்குமான கொலைக்கருவியாக ஆக்கிவிட்டார்கள்.

உண்மையான கொலையாளிக்குப் பெயர் உண்டு. பெரியம்மை. மஞ்சூரியாவின் குளிர்ப் பகுதியிலிருந்து வந்த மஞ்சுக்களுக்கு அந்த நோயோடு பழக்கம் குறைவு. எனவே எதிர்ப்பாற்றலும் குறைவு. பெய்ஜிங்கிலிருந்து ஆண்ட முதல் சிங் பேரரசர் ஷுன்சி 1661இல் பெரியம்மையால் இறந்தார். அடுத்து யாரை அமர்த்துவது என்ற கேள்வி வந்தபோது, ஏற்கெனவே அம்மை கண்டு பிழைத்தவர் என்பது சிறுவன் காங்சிக்குச் சாதகமாக அமைந்தது. அரண்மனையில் இருந்த ஜெர்மானிய ஜெசூட் பாதிரியார் ஆடம் ஷால் அந்த யோசனையை ஆதரித்தார். சீன வரலாற்றின் மிக நீண்ட ஆட்சிகளில் ஒன்று, முகத்தில் இருந்த அம்மைத் தழும்புகளால் தொடங்கியது. பின்னாளில் காங்சி தன் குடும்பத்துக் குழந்தைகளுக்கு அம்மைப் பொருக்கைப் பொடியாக்கி மூக்கில் ஊதும் தடுப்புமுறையைக் கொண்டுவந்தார். அம்மை காணாத மங்கோலியத் தலைவர்களைப் பெய்ஜிங்குக்கு வரவிடாமல், பெருஞ்சுவருக்கு அப்பால் செங்தேயில் வைத்துச் சந்தித்தார்கள். ஒரு பேரரசின் வாரிசுரிமையும் எல்லைக் கொள்கையும் ஒரு நோயைச் சுற்றி வளைந்துகொடுத்த கதை இது. இதைக் கருவாக வைத்து ஒரு பெரிய தொடர் வந்ததாக நான் கேள்விப்படவில்லை.

சியன்லோங்கின் முதல் பேரரசி ஃபுச்சாவுக்கு இரண்டு மகன்கள். மூத்தவன் யொங்லியன் 1738இல் இறந்தான். அவனைத்தான் ரகசியமாக வாரிசாகத் தேர்ந்திருந்ததாகத் தந்தை அப்போது அறிவித்தார். இளையவன் யொங்சொங் சீன நாட்காட்டியின்படி சியன்லோங் 12ஆம் ஆண்டின் கடைசி நாளில், இரண்டு வயது நிறைவதற்கு முன்பே, பெரியம்மையால் இறந்தான். ‘யான்ஷி’ தொடர் அந்த நாளை அப்படியே வைத்துக்கொண்டு காரணத்தை மாற்றுகிறது. சதிகாரி ஒருத்தியின் ஏற்பாட்டால் புத்தாண்டுக்கு முந்தைய இரவில் தீப்பிடிக்கிறது, குழந்தை இறக்கிறது. பேரரசி மனம் உடைந்து மதில்மேல் ஏறிக் குதிக்கிறார்.

உண்மையில் ஃபுச்சா, மகன் இறந்த சில மாதங்களில், 1748இன் இளவேனிலில் கணவரோடு ஷாண்டோங்குக்குப் பயணம் போனார். திரும்பும் வழியில், தேசோவ் நகர் அருகே படகில், நோயால் இறந்தார். இதற்குப் பிறகு நடந்தவை எந்தத் தொடரின் உச்சக்காட்சிக்கும் குறைந்தவையல்ல. துக்கத்தில் பேரரசரின் குணமே மாறிப்போனது. போதிய அளவு துயரம் காட்டவில்லை என்று தன் முதல் மகனையும் மூன்றாம் மகனையும் கடிந்து, அவர்களுக்கு அரியணை உரிமை இல்லை என்று வெளிப்படையாக அறிவித்தார். நூறு நாள் துக்கத்துக்குள் தலைமுடியை மழித்த அதிகாரிகள் மீது நாடெங்கும் விசாரணை பாய்ந்தது. ஹுகுவாங் மாகாணங்களின் தலைமை ஆளுநர் சைலெங்கேக்கும், தென்பகுதி நதிப்பணிகளின் தலைமை அதிகாரி சோவ் ஷுயேஜியனுக்கும் இறுதியில் தற்கொலை ஆணை வந்தது. பேரரசி வாழ்ந்த சாங்சுன் மாளிகை அவர் விட்டுச்சென்றபடியே நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் காக்கப்பட்டது. ஒரு மனிதனின் துக்கம் ஒரு பேரரசின் நிர்வாகத்தை எப்படி நொறுக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எங்கே கிடைக்கும்? மதில்மேல் இருந்து குதிக்கவைத்ததில், இவ்வளவு பெரிய நாடகத்தைக் கைநழுவ விட்டார்கள் என்றுதான் சொல்வேன்.

நச்சுச் சூழ்ச்சி அந்த அரண்மனையில் எளிதாக நடந்திருக்குமா என்பதையும் பார்க்க வேண்டும். சிங் அரண்மனை அடிப்படையில் கணக்கெழுதும் நிறுவனம். துணியும் மெழுகுவத்தியும் இறைச்சியும் யார் யாருக்கு எவ்வளவு என்று எழுதி வைத்தார்கள். சியன்லோங் காலத்தில் தொகுக்கப்பட்ட அரண்மனை விதிநூலின்படி ஆண்டுப்படி பேரரசிக்கு 1000 லியாங் வெள்ளி. அடுத்தடுத்த நிலைகளில் 800, 600, 300, 200, 100, 50 என்று இறங்கிக் கடைநிலைத் துணைவிக்கு 30. ஒரு லியாங் என்பது ஏறத்தாழ 37 கிராம். மருந்து காய்ச்சுவதற்கும் விதி இருந்தது: இரண்டு வேளைக்கானதை ஒன்றாகக் காய்ச்சி இரண்டு கலங்களில் ஊற்ற வேண்டும்; ஒன்றை வைத்தியரும் அண்ணகர்களும் முதலில் குடித்துக் காட்ட வேண்டும்; மற்றதுதான் உள்ளே போகும். நாடி பார்த்த குறிப்பும் மருந்துச் சீட்டும் வைத்தியர்களின் பெயரோடு பதிவாயின. அந்தச் சீட்டுகள் பெருமளவில் இன்றும் இருக்கின்றன. சென் கெஜி தலைமையில் சீன மருத்துவ அறிஞர்கள் அவற்றை ஆராய்ந்து வெளியிட்டிருக்கிறார்கள். அவற்றில் நிறைந்திருப்பவை செரிமானக் கோளாறு, இருமல், மாதவிடாய்த் தொல்லை, காய்ச்சல் போன்ற சாதாரண மனித நோய்கள்.

இதைவிட அடிப்படையான தடை ஒன்றும் உண்டு. 1723இல் யோங்செங் வாரிசுத் தேர்வை ரகசியமாக்கினார். பேரரசர் தேர்ந்த மகனின் பெயர் பெட்டிக்குள் முத்திரையிடப்பட்டு, சியன்சிங் மண்டபத்தின் பெயர்ப்பலகைக்குப் பின்னால் வைக்கப்பட்டது. மூத்தவன் என்பதோ பேரரசியின் வயிற்றில் பிறந்தவன் என்பதோ உரிமை தரவில்லை. சிங் அரச குடும்பத்தை ஆராய்ந்த வரலாற்றாளர் ஈவ்லின் ராவ்ஸ்கி, 1998இல் வந்த ‘கடைசிப் பேரரசர்கள்’ நூலில், தாயின் தகுதி மகனின் வாய்ப்பைத் தீர்மானிக்காத மஞ்சு மரபை விரிவாக விளக்குகிறார். சியன்லோங்கின் தாயே தாழ்ந்த நிலையிலிருந்து வந்தவர்தான். பெட்டிக்குள் யார் பெயர் என்று தெரியாதபோது, பக்கத்து மாளிகைக் குழந்தையைக் கொன்று ஒரு தாய் எதைச் சாதிப்பார்? இளவரசர்களும் தாய்மார் மடியில் வளரவில்லை. ஆறு வயதில் பள்ளி. அரசவையில் பணியாற்றிய எழுத்தாளர் சாவ் யீ, விடியலுக்கு வெகுமுன் இருட்டில் தூங்கி வழியும் ஊழியர்களுக்கு நடுவே, ஒரு வெள்ளை விளக்கு மட்டும் வாயிலுக்குள் நகர்ந்ததைப் பதிவு செய்திருக்கிறார். பாடம் படிக்கப் போகும் இளவரசனின் விளக்கு அது.

அப்படியானால் அந்தச் சுவர்களுக்குள் கொடுமையே நடக்கவில்லையா? நடந்தது; ஆவணமும் இருக்கிறது. ஆனால் தொடர்கள் தேடும் இடத்தில் அது இல்லை. 1778இல், சியன்லோங்கின் செல்ல மகளான பத்தாம் இளவரசியின் தாய் துன், தன் பணிப்பெண் ஒருத்தியை அடித்தே கொல்லவைத்தார். பேரரசர் வெளியிட்ட ஆணையில், துன் ஒரு படி கீழிறக்கப்பட்டார். இறந்த பெண்ணின் பெற்றோருக்கு 100 லியாங் வெள்ளி தர வேண்டும். தடுக்கத் தவறிய அண்ணகர்களுக்குத் தண்டம். சில ஆண்டுகளில் துன் பழைய நிலைக்கே மீண்டார். பெற்றவர்களுக்கு 100 லியாங். துணைவியரில் ஒரு நடுத்தர நிலையினரின் ஓராண்டுப்படி.

அரண்மனைத் தொடர்கள் எல்லாம் எசமானிகளின் போட்டியைப் பற்றியவை. பணிப்பெண்கள் சதிக்குத் துணைபோகிறார்கள், அல்லது ‘யான்ஷி’யில் போல எசமானியாக உயர்கிறார்கள். வீட்டுப்பணிக் குலங்களிலிருந்து ஆண்டுதோறும் எடுக்கப்பட்டு, 25 வயதில் வெளியே அனுப்பப்படும் வரை ஊழியம் செய்து, வழியில் அடிபட்டுச் செத்தால் 100 லியாங் விலைபெற்ற பெண்ணின் கதையை யாரும் எழுபது பகுதிகளில் சொல்லவில்லை. அதிகாரம் மேலிருந்து கீழே விழுந்த இடம்தான் அந்தப்புரத்தின் உண்மையான வன்முறை நிகழ்ந்த இடம் என்பது என் துணிபு.

புனைவுக்கே உரிய வெற்றிடங்களும் இருக்கின்றன. அவற்றில் மிகப் பெரியது சியன்லோங்கின் இரண்டாம் பேரரசி நாராவின் கதை. 1765இல் தென்னகச் சுற்றுப்பயணத்தின்போது ஹாங்சோவில் அவருக்கும் சியன்லோங்குக்கும் இடையே ஏதோ நடந்தது. அவர் உடனடியாகப் பெய்ஜிங்குக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். பட்டச் சாசனங்கள் பறிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு இறந்தார். பேரரசிக்குரிய சடங்கு மறுக்கப்பட்டது. தனிக் கல்லறைகூட இல்லாமல் வேறொரு துணைவியின் நிலவறையில் வைக்கப்பட்டார். முறையான துக்கம் அனுசரிக்க வேண்டும் என்று எழுதிய தணிக்கை அதிகாரி லி யூமிங், மேற்கெல்லையில் உள்ள இலிக்கு நாடு கடத்தப்பட்டார். 1778இல்தான் பேரரசர் வெளிப்படையாகச் சொன்னார்: அவர் தன் கூந்தலைத் தானே வெட்டிக்கொண்டார் என்று. மஞ்சு வழக்கில் பேரரசரோ அவர் தாயோ இறந்தால்தான் பெண் கூந்தலை வெட்டுவாள். ஏன் வெட்டினார் என்பதற்கு ஒரு வரிகூட எங்கும் இல்லை. 2018இல் வந்த ‘ரூயி’, 87 பகுதிகளில், இந்த ஒரு கேள்விக்கு விடை எழுதிப் பார்க்கிறது. இளமையிலிருந்து காதலித்த ஒருவனோடான திருமணம் நம்பிக்கையின்மையால் மெல்லச் சாவதே அந்த விடை. சூழ்ச்சிக் காட்சிகளைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், ஆவணம் மௌனமாகும் இடத்தில் கற்பனை பேசலாம் என்ற உரிமையை அது நியாயமாகவே பயன்படுத்துகிறது.

ஆவணம் உரக்கப் பேசும் இடத்தில் அந்த உரிமை கிடையாது. ‘நறுமணத் துணைவி’யின் கதையே இதற்குச் சான்று. உடலில் இயல்பாகவே மணம் வீசும் உய்குர் பெண், கொல்லப்பட்ட கணவனுக்காகப் பேரரசரை ஏற்க மறுத்து, பேரரசரின் தாயால் கொல்லப்பட்டார் என்ற புராணம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெருகியது. 1914இல் பெய்ஜிங் அரண்மனையில், கவசம் அணிந்த ஒரு பெண்ணின் ஓவியத்தை அவருடையதென்று காட்சிக்கு வைத்தார்கள். தொடர்கள் இந்தக் கதையைத் திரும்பத் திரும்ப எடுத்தாள்கின்றன. வரலாற்றில் அவர் ரோங் என்ற பட்டம் பெற்ற துணைவி. 1760இல், தன் உறவினர் சிங் படைகளுக்கு உதவியதைத் தொடர்ந்து அரண்மனைக்கு வந்தவர். அவருக்கென்று முஸ்லிம் சமையற்காரர் இருந்தார். 1788இல், 55ஆம் வயதில் இறந்தார். அவரைக் கொன்றதாகச் சொல்லப்படும் மாமியார் அதற்கு 11 ஆண்டுகள் முன்பே, 1777இல், காலமாகிவிட்டார். 1979இல் ஹெபெய் மாகாணத்திலுள்ள கிழக்குச் சிங் கல்லறைகளில் அவருடைய நிலவறையைத் திறந்தபோது, சவப்பெட்டியில் பொன்னெழுத்தில் அரபு மொழி வாசகங்களும், உள்ளே நரைத்த முடிப் பின்னலும் கிடைத்தன. வயது முதிர்ந்து, தன் நம்பிக்கையோடு அடக்கம் செய்யப்பட்ட பெண். மெய்யான இந்த வாழ்க்கையை, ஒரு முஸ்லிம் பெண் மஞ்சு அரண்மனையில் 28 ஆண்டுகள் எப்படித் தன் உணவையும் தொழுகையையும் காத்தார் என்ற கதையை, யார் எடுப்பார்கள் என்று காத்திருக்கிறேன்.

வதந்தியோடு மல்லுக்கட்டுவது சிங் அரண்மனைக்கும் புதிதல்ல. தந்தையைக் கொன்றார், தாயை நெருக்கினார், உடன்பிறந்தாரை அழித்தார் என்று தன்னைப் பற்றிப் பரவிய குற்றச்சாட்டுகளை யோங்செங்கே ஒவ்வொன்றாக எழுதி, மறுப்புச் சொல்லி, 1729இல் நூலாக அச்சிட்டுப் பள்ளிகள்தோறும் வைக்கச் சொன்னார். மறுப்பை மறந்து மக்கள் குற்றச்சாட்டுகளை நினைவில் வைத்துக்கொண்டார்கள். அவர் இறந்ததும் மகன் சியன்லோங் அந்த நூலைத் திரும்பப் பெறச் செய்தார். அந்தக் குற்றச்சாட்டுகளை எழுப்பியவரும் தந்தை மன்னித்து விட்டிருந்தவருமான செங் ஜிங்கைக் கொன்றார். வதந்தி சாகவில்லை. 1999இல் ‘யோங்செங் ஆட்சி’ தொடர் அதே பேரரசரைத் தன்னலமற்ற சீர்திருத்தக்காரராகக் காட்டி மறு எல்லைக்குப் போனது.

இன்றைய அரசும் தடுக்கப் பார்த்தது. 2019 சனவரியில் ‘பெய்ஜிங் டெய்லி’யைச் சேர்ந்த ஓர் இதழ் அரண்மனைத் தொடர்களின் தீய விளைவுகளைப் பட்டியலிட்டது: ஆடம்பரத்தைத் தூண்டுகின்றன, சூழ்ச்சி மனத்தைப் பரப்புகின்றன, பேரரசர்களைப் புகழ்ந்து இன்றைய நாயகர்களை மறைக்கின்றன என்பன போல. சில தொலைக்காட்சிகள் ‘யான்ஷி’யையும் ‘ரூயி’யையும் உடனே நிறுத்தின. எனக்கு அந்த அணுகுமுறை ஏற்புடையதல்ல. அது ஒழுக்கத்தின் பெயரால் வந்த தடை. உண்மையின் பெயரால் வந்த விமர்சனமாக இருந்திருந்தால் பயன் இருந்திருக்கும். தொடரை நிறுத்துவதால் நியன் குலத்துப் பெண்ணின் குழந்தைகள் திரும்ப வரமாட்டார்கள்; அவர்களைப் பற்றிச் சொல்வதால் வரலாம்.

ஏன் இந்தப் பெண்களை இவ்வளவு எளிதாக மாற்றி எழுத முடிகிறது என்பதற்கும் விடை ஆவணங்களில்தான் இருக்கிறது. பெய்ஜிங்கில் உள்ள முதல் வரலாற்று ஆவணக்காப்பகத்தில் மிங், சிங் காலத்து ஆவணங்கள் சுமார் ஒரு கோடி. அவற்றில் துணைவியர் பெரும்பாலோரின் சொந்தப் பெயர்கூட இல்லை. குலமும் பட்டமும் தகப்பன் பதவியும் மட்டும். சியன்லோங்கின் தாயைப் பற்றிய 1723ஆம் ஆண்டு ஆணையின் ஒரு படியில் அவர் ‘சியன்’ குலம் என்றும், பிறகு தொகுத்த அதிகாரப்பூர்வ வரலாற்றில் ‘நியோஹுரு’ என்றும் இருக்கிறது. பேரரசரின் தாய்க்கே இந்தக் கதி. ‘யான்ஷி’ தொடரின் யிங்லுவோவும், ரூயியும், ஜென் ஹுவானும் எழுத்தாளர்கள் வைத்த பெயர்கள். யிங்லுவோவுக்கு மூலமான வெய் குலத்துப் பெண் ஆறு குழந்தைகளைப் பெற்று 1775இல் இறந்தார். மகன் ஜியாசிங் வாரிசு என்று அறிவிக்கப்பட்டதும் இறந்தவருக்குப் பேரரசிப் பட்டம் சூட்டினார்கள். 1928இல் படைத்தலைவன் சுன் தியன்யிங்கின் ஆட்கள் சியன்லோங்கின் கல்லறையைக் கொள்ளையடித்தபோது, உடல் சிதையாமல் கிடந்தவர் அவர் ஒருவரே. அதுவும் வரலாறு, எந்தக் கதையாசிரியரும் துணிந்து எழுதத் தயங்கும் வரலாறு.

பெயர் இல்லாதவர்களுக்குப் பெயர் வைக்கப் புனைவுக்கு உரிமை உண்டு. கூந்தல் ஏன் வெட்டப்பட்டது என்று ஊகிக்கவும் உண்டு. ஆனால் இறந்த தேதியும், பெற்ற பிள்ளைகளும், கொன்ற நோயும் எழுதப்பட்டிருக்கும்போது அவற்றை அழித்து நஞ்சுக் கிண்ணத்தை வைப்பது, ஏற்கெனவே குறைவாகவே எஞ்சியிருக்கும் அந்தப் பெண்களிடமிருந்து கடைசி உடைமையையும் பறிப்பதாகும். இந்தத் தொடர்களைப் பார்க்காதீர்கள் என்று சொல்லமாட்டேன். நானும் விரும்பிப் பார்ப்பவன்தான். பார்த்து முடித்ததும், உங்களை அழவைத்த அந்தப் பாத்திரத்தின் மூலமானவர் யார், எத்தனை பிள்ளைகள் பெற்றார், எப்போது இறந்தார் என்று ஒருமுறை தேடிப் படியுங்கள்.